துவைக்கக் கூடாத நீலத்துணி

தாயும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்தது, துணிகளை மருந்தில் நனைக்கிற வேலை.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை காலை. மலேசியாவின் ஜொகூரில் சாஆ என்கிற ஊர். அங்கே, எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டம் தொடங்குகிற இடத்தில் வெள்ளையம்மாவின் மாட்டுக் கொட்டகை. அதன் பின்புறம், தகரக் கூரையின் நிழலில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் தொட்டி. பிரேமலா பத்து லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றினாள். மருந்தை ஊசிக்குழாயில் உறிஞ்சி, கண்ணுக்கு நேரே உயர்த்திப் பார்த்து, தொட்டியில் விட்டாள். தண்ணீர் அரிசி கழுவினது போல வெளுத்தது.

"கையுறை போடுங்கம்மா."

"இருபத்திரண்டு வருஷம் மருந்தடிச்ச கை இது. இனிமே என்ன போகப்போகுது?"

"மிச்சம் இருக்கிறது போகாம இருக்கட்டும்."

வெள்ளையம்மா சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டாள். இடது கட்டைவிரலில் நகம் செத்துக் கறுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அந்தக் கையை உறைக்குள் நுழைப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வாள். அது பழக்கம்.

துணிகளை மடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் நீலமும் கறுப்புமாகச் சேர்த்துத் தைத்தது. மூன்று கம்பில் கட்டினால் சின்னக் கூடாரம் போல நிற்கும். வெளியே நீலம், உள்ளே கறுப்பு, உச்சியில் வெள்ளைக் கொசுவலை. மாட்டைக் கடிக்கிற ஈ நீலத்தைப் பார்த்து வரும், கறுப்பில் உட்காரும், வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறும். துணியில் கால் பட்டதும் அதன் கதை முடிந்தது. கீழே ஒரு வெள்ளைத் தட்டு வைத்தால் விழுந்ததை எண்ணலாம்.

ஒவ்வொரு துணியாக முக்கி, அழுத்தி, பிழியாமல் தூக்கி, நிழற்கயிற்றில் போட்டார்கள். வெயில் பட்டால் மருந்து செத்துவிடும். ஆறு துணி போட்டாயிற்று. வெள்ளையம்மா ஏழாவதை எடுத்தாள். அது புதுசு.

"நம்மகிட்ட ஆறுதானேம்மா?"

"இது மண்டோருக்கு."

"அவர் கேட்டாரா?"

"கேக்கல. கேக்க வாய் வருமா அவருக்கு? செவலை கன்னு போடட்டும், நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன்ல."

"கன்னுக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கு."

"பதினேழு நாள்ல துணி என்ன கெட்டா போயிடும்? நிழல்ல வெச்சா மூணு மாசம் நிக்கும்னு நீதானே சொன்ன."

அது சரிதான். பிரேமலா ஏழாவது துணியையும் முக்கினாள். மாலைக்குள் காய்ந்தது. வெள்ளையம்மா அதை மடித்து, அரிசிப் பையில் போட்டு, வாயைக் கட்டி, வீட்டுக்குள் தையல் மெஷினுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் மாலை பிரேமலா ஜொகூர் பாரு பக்கம் தம்போயில் இருக்கும் தன் வீட்டுக்குக் காரில் புறப்பட்டபோது, அம்மா எப்போதும் போல ஒரு போத்தல் பாலை முன்சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டையும் போட்டுவிட்டாள். போத்தலுக்கு.

மண்டோர் என்றால் காளியப்பன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருப்பவர். எழுபது வயது. ஒரு காலத்தில் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களுக்கு அவர்தான் மேற்பார்வை. வேலையை விட்டு வந்து பதினைந்து வருடமாகியும் ஊர் அவரை மண்டோர் என்றே கூப்பிடுகிறது. அவரிடம் ஒன்பது மாடுகள். செம்பனை மரங்களுக்கு அடியில் அவை தம் பாட்டுக்கு மேயும், எலும்பு தெரியும்.

வெள்ளையம்மா முதன்முதலில் நீலத்துணியைக் கட்டியபோது, கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்று அவர் கேட்ட கேள்வி ஊர் முழுக்கப் பரவியது.

"என்னா வெள்ளையம்மா, எலெக்ஷன் வந்துடுச்சா? யாரு நிக்கிறா, நீயா செவலையா?"

"செவலைதான் நிக்குது. உங்க மாட்டைப் பாத்தா நிக்கவே தெம்பில்ல, அண்ணே."

இன்னொரு நாள் காலை ஒரு துணியின் அடியில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் இருந்தன. கறுப்புத் துணியைக் கண்டு யாரோ செய்வினை என்று பயந்து கழிப்புக் கழித்திருக்கிறார்கள். வெள்ளையம்மா எலுமிச்சையை எடுத்துக் கழுவி, ஊறுகாய் போட்டாள்.

காளியப்பன் அந்தத் துணியை ஏன் வேண்டாம் என்றார் என்றால், அதில் மருந்து இருந்தது. மருந்து அவருடைய விஷயம். "உனக்குப் பம்புல மருந்து அளந்து ஊத்தினவன் நான். எனக்கு நீ மருந்து சொல்லித் தர்றியா?" என்றார் ஒருநாள், பால் வாங்க வந்த நாலு பேர் முன்னால். அந்த வருடம் அவருடைய பசுக்களில் இரண்டு மாதம் நிறையாமல் கன்று வீசியிருந்தன. தண்ணீர் சரியில்லை என்றார். கண்பட்டது என்றார். ஈ என்று மட்டும் சொல்லவில்லை.

"ஒங்க ஈயும் எங்க ஈயும் ஒரே ஈதான், அண்ணே. கால்வாயைத் தாண்ட அதுக்குப் பாஸ்போர்ட் வேணாம்."

"செவலை உயிரோட ஒரு கன்னு போடட்டும். அப்புறம் பாக்கலாம்."

"போட்டதும் சீம்பாலும் இந்தத் துணியும் சேத்து உங்க வாசல்ல கொண்டு வந்து வெப்பேன். நானே கட்டியும் தருவேன். அப்ப வாயத் திறக்கக் கூடாது."

"சீம்பாலுக்குத் திறப்பேன்."

நாலு பேர் சாட்சி.

வெள்ளையம்மா தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினேழு வயதில் முதுகில் மருந்துப் பம்பு ஏறியது. செம்பனைக் குலை வெட்டிய மணியத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பிள்ளைகள், பிரேமலாவும் விஜயனும். பிரேமலா இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும்போது மணியம் காய்ச்சலில் கிடந்து போய்ச் சேர்ந்தார். லயங்களை இடித்தபோது எல்லோரும் தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் கிடைத்த வீடுகளுக்குக் கட்டில், பீரோ என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளையம்மா ஒரு பசுவைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மைல் நடந்து வந்தாள். தாமானில் மாடு கட்ட முடியாது. தோட்டத்து ஓரத்தில் நிலம் வைத்திருந்த ஒரு சீனக் கிழவர், மாட்டெரு தன் துரியான் மரங்களுக்கு வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில் இடம் கொடுத்தார். ஒரு பசு ஏழானது.

காலை ஐந்தரைக்குக் கறவை. ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பால். பிறகு புல். பிற்பகலில் தையல் மெஷின். மூன்று மணிக்கு மறுபடி கறவை. வருடத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் இதுதான். மகள் பட்டம் வாங்கிய அன்றுகூடக் காலைக் கறவையை முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரி மூக்கைச் சுளித்ததைப் பார்த்து, "பால் வாசனைம்மா, பாவம் இல்ல" என்றாளாம். "ஓய்வெடுத்துக்கங்க" என்று யார் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு வரும். தோட்டத்தில் விசில் ஊதினால் எழுந்து, விசில் ஊதினால் உட்கார்ந்தவள். இங்கே விசில் கிடையாது. மாடு கூப்பிட்டால் போவாள். அது அவளுக்குப் போதும்.

பிரேமலா ஜொகூர் பாருவில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கண்ணாடிச் சில்லில் இரத்தத் துளியை வைத்து நாளெல்லாம் பார்க்கிற வேலை. அம்மாவின் மாடுகள் மூன்று வருடத்துக்கு முன் விழத் தொடங்கியபோது அவளுக்குச் சொல்லியனுப்பவே இல்லை. மயிலை மெலிந்தது. காய்ச்சல் வரும், போகும், வரும். ஒரு பசு ஆறாம் மாதத்தில் கன்று வீசியது. இன்னொன்று ஏழாம் மாதத்தில். அப்புறம் மயிலை படுத்தது, எழவில்லை. அதைப் புதைத்து இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் போனில் வந்தது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"உனக்கு அங்க ஊரு மாடெல்லாம் இருக்கு. நம்ம மாட்டை வேற ஏன் தலையில ஏத்தணும்?"

அந்த வாரக் கடைசியில் பிரேமலா ஒரு பழைய நுண்ணோக்கியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள். மிச்சம் இருந்த ஆறு மாடுகளின் காது நுனியிலும் ஒரு குத்து, ஒரு துளி. நாலாவது மாட்டின் துளியில் இருந்தது. இரத்த அணுக்களுக்கு நடுவே வால் அடித்து நெளிகிற ஒன்று. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெள்ளையம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"மீன்குஞ்சு மாதிரி இருக்கு."

"அதுதான் மாட்டைக் கொல்லுது. சர்ரான்னு பேரு. ஈ கடிக்கும்போது ஒரு மாட்டுலேருந்து இன்னொரு மாட்டுக்குப் போகும்."

"இத்தனை சின்னதா? மயிலை எத்தனை பெருசு."

மாடுகளுக்கு ஊசி போட்டாயிற்று. இனி ஈ. மாட்டின் மேல் மருந்தடிக்கலாம் என்று பிரேமலா சொன்னபோது அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "என் மேல அடிச்சது போதும். அது மேல அடிக்க மாட்டேன்." அதற்கு மேல் பேச்சில்லை. அடுத்த முறை பிரேமலா நீலத்துணியும் கறுப்புத்துணியும் ஒரு கட்டத் தாளில் போட்ட படமும் கொண்டு வந்தாள். வெள்ளையம்மா படத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். துணியைத் தடவினாள்.

"அப்ப மருந்து துணியிலேயே நிக்கும். ஈதான் மருந்துகிட்ட வரும். மருந்து மாட்டுகிட்ட வராது."

"ஆமா."

"இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

ஒரே நாளில் மூன்று தைத்துவிட்டாள். படத்தில் இருந்ததைவிட நன்றாக. மூலைகளில் இரட்டைத் தையல் போட்டாள், மாடு உரசினாலும் கிழியாது. நீலத்துணி தீர்ந்தபோது சாஆ கடையில் அதே நிறத்தில் பளபளப்பான துணி ஒன்று வாங்கினாள். கண்ணுக்கு ஒரே நீலம்தான். ஆனால் அவளுக்குச் சந்தேகம். பழைய நீலம் ஒன்று, புது நீலம் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் கட்டி, அடியில் ஆளுக்கொரு தட்டு வைத்து, ஒரு வாரம் எண்ணினாள். பழையதில் இருநூற்றுப் பதினாறு. புதியதில் முப்பத்தொன்று. போனில் கேட்ட பிரேமலாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் நாலு பேரிடம் சொன்னாள். வெள்ளையம்மா பளபளப்புத் துணியில் மெஷினுக்கு உறை தைத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் நன்றாக இருந்தது. மாடுகள் வாலை ஆட்டாமல் நின்று பால் கொடுத்தன. காலால் உதைப்பது நின்றது. அப்புறம் பொங்கல் வந்தது.

மாட்டுப் பொங்கலுக்கு முதல் நாள் வெள்ளையம்மா கொட்டகையைக் கழுவினாள். தொட்டியைத் தேய்த்தாள். மாடுகளைக் குளிப்பாட்டினாள். நிமிர்ந்து பார்த்தால் ஆறு துணியும் சாணித் தெறிப்போடு, பாசி பிடித்து, செத்த ஈ ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நல்ல நாள் அதுவுமாக மாட்டுக்கு முன்னால் இப்படியா? அவிழ்த்தாள். சோப்புத் தூளில் ஊறவைத்தாள். கல்லில் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசி, நல்ல வெயிலில் காயப்போட்டாள். மறுநாள் மாடுகளுக்கு மாலை போட்டு, பின்னால் பளிச்சென்று துணிகள் தெரிய ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். "எப்படி இருக்கு?"

பிரேமலாவின் ஆய்வுக்கூடத்துக்கு அன்று முப்பது இரத்த மாதிரிகள் வந்திருந்தன. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. "சூப்பர்மா" என்று போட்டாள்.

அடுத்து வந்தபோதும் கவனிக்கவில்லை. துணி சுத்தமாக இருந்தது, அம்மா புதுசு தைத்திருப்பாள் என்று நினைத்தாள். தட்டு காலியாக இருந்தது. "ஈ குறைஞ்சே போச்சு பிரேமா, தட்டுல ஒண்ணும் விழறதில்ல" என்றாள் அம்மா சந்தோஷமாக. மகளும் சந்தோஷப்பட்டாள். தட்டில் ஈ இல்லை என்றால் ஈயே இல்லை என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள். ஈ மாட்டின் மேல் இருந்தது.

மார்ச்சில் செவலைக்குக் காய்ச்சல். ஏழு மாதச் சினை. காதில் குத்திப் பார்த்தால் மீன்குஞ்சு. ஊசி போட்டார்கள். செவலை பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. அப்போதுதான் பிரேமலா துணியைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "இத என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"துவைச்சேன்."

"துவைச்சீங்களா?"

"நீதானே சூப்பர்னு போட்ட?"

பிரேமலா தான் சொன்னதையெல்லாம் எண்ணிப் பார்த்தாள். நிழலில் காயவை என்று சொல்லியிருந்தாள். தரைக்கு மேல் ஒரு முழம் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாள். சுற்றிப் புல் வெட்டு, மாட்டுக்கு எட்டாமல் கட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நனை, எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். துவைக்காதே என்று எழுதவில்லை. துணி என்றிருந்தால் துவைக்கிறவள் தன் அம்மா என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

வெள்ளையம்மா அழவில்லை. கன்றைத் துரியான் அடியில் புதைத்துவிட்டு வந்து, கை கழுவி, மெஷின் முன் உட்கார்ந்தாள். வெள்ளை நாடாவை ஆறு துண்டாக வெட்டி, கறுப்பு மையால் ஒவ்வொன்றிலும் எழுதி, ஒவ்வொரு துணியின் உட்புறத்திலும் தைத்தாள். "துவைக்காதே. மருந்து இருக்கு. வெள்ளையம்மா."

"பேரு எதுக்கும்மா?"

"யார் சொன்னதுன்னு தெரிய வேணாமா?"

செவலை மறுபடி சினையானது. அன்றிலிருந்து வெள்ளையம்மாவின் எண்ணமெல்லாம் அந்த ஒரு கன்றின் மேல். அது உயிரோடு விழ வேண்டும். விழுந்தால் தான் செய்தது சரி. விழாவிட்டால் காளியப்பன் சொன்னது சரி. அத்தனை லேசான கணக்கு அது.

துணி நனைத்து ஐந்து நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, கால்வாய்க்கு அந்தப் பக்கத்தில் காளியப்பன் மாடுகள் கத்துவதைக் கேட்டார். ஆறரை மணி. வெள்ளையம்மாவின் மாடுகள் ஆறரைக்குக் கத்தியதே இல்லை. கால்வாய்ப் பலகையைத் தாண்டி வந்து பார்த்தார். செவலைக்கு அடுத்த மாட்டின் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தபடி, வெள்ளையம்மா தூணில் சாய்ந்து இருந்தாள். மாரடைப்பு என்றார் பிறகு டாக்டர். பால் செம்பு சிந்தாமல் காலுக்கிடையில் இருந்தது.

காளியப்பன் போன் செய்தார். ஆள் வருவதற்குள் மிச்ச மாடுகளைக் கறந்தார். அதற்காக ஊரில் ஒன்றிரண்டு பேர் அவரைக் குறை சொன்னார்கள். பிரேமலா சொல்லவில்லை. அம்மா இருந்திருந்தால், கறக்காமல் விட்டிருந்தால்தான் ஏசியிருப்பாள்.

விஜயன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். கொள்ளி வைத்தான். மூன்றாம் நாள் சாம்பல் கரைத்துவிட்டு வந்ததும், பிரேமலா ஊசியும் கண்ணாடிச் சில்லும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

"அக்கா, இப்பவா?"

"இப்பத்தான்டா. காய்ச்சல் வர்ற மாசம் இது."

செவலையின் காதுத் துளியைப் பார்த்தாள். இருபது நிமிடம் பார்த்தாள். அணுக்கள் மட்டும் இருந்தன. மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாளும். வேலையிடத்தில் விடுப்பு எடுத்திருந்தாள். காலையும் மாலையும் காளியப்பன் வந்து கறந்து கொடுத்தார். "நீ சில்லைப் பாரு, நான் மடியைப் பாக்கறேன்" என்றார். துணிகளின் அடியில் புல் வளராமல் வெட்டியிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை செவலை கன்று போட்டது. கிடேரி. தாயைப் போலவே செந்நிறம், நெற்றியில் வெள்ளை. விழுந்து அரைமணியில் எழுந்து நின்றது, விழுந்தது, எழுந்தது, மடியைத் தேடிக் காளியப்பனின் கைலியைச் சப்பியது.

"அலமாக்! இது வெள்ளையம்மா மாதிரியே லா. பொறந்ததும் எங்கிட்டதான் வம்புக்கு வருது."

பிரேமலா காது நுனியில் ஒரு துளி எடுத்தாள், தாயிடமும் கன்றிடமும். இரண்டிலும் ஒன்றும் இல்லை. சில்லுகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

கன்று வயிறு நிரம்பக் குடித்தபின், காளியப்பன் மிச்சச் சீம்பாலைக் கறந்தார். மஞ்சளாக, கெட்டியாக இரண்டு லிட்டர். கறந்து வைத்துவிட்டு இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை தீட்டு வீடு. அந்த வீட்டிலிருந்து பால் வெளியே போகாது, அதுவும் சீம்பால் போகவே போகாது. வாக்குக் கொடுத்தவள் வெள்ளையம்மா. வாங்க வேண்டியவர் செம்போடு எதிரில் நிற்கிறார். ஆனாலும் கொடுக்க முடியாது.

"தென்னை மரத்துக்கு ஊத்திடு, பிரேமா. வேறென்ன பண்றது? நாலு நாள் தாங்காது."

பிரேமலா ஊற்றவில்லை. இரண்டு டப்பாவில் அடைத்தாள். வெள்ளைப் பட்டை ஒட்டி, ஆய்வுக்கூடத்தில் எழுதுவது போலவே எழுதினாள்: செவலை, முதல் கறவை, தேதி, காலை 7.40. ஃபிரீசரில் வைத்தாள். மாட்டுப் பாலுக்கும் மாதிரி எண் போட்டவள் என்று விஜயன் கிண்டல் செய்தான். அந்த வீட்டில் அன்றுதான் முதல் கிண்டல்.

பதினைந்தாம் நாள் பிற்பகல். மறுநாள் கருமாதி, ஊரே வரும். பிரேமலா சமையலுக்குச் சாமான் வாங்கிவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள். குழாயடியில் சிவப்புத் தொட்டி. தொட்டி நிறையச் சோப்பு நுரை. பக்கத்தில் காளியப்பன், கைலியை மடித்துக் கட்டி, தோளில் நீலத்துணியோடு.

"மாமா! போடாதீங்க!"

அவர் துள்ளி விழுந்தார். "என்னா பிள்ள, கத்துற?"

"துணிய நுரையில போடாதீங்க!"

"எப்படி இருக்கு பாரு, சாணியும் ஈயும். நாளைக்கு நாலு பேரு வருவான். வெள்ளையம்மா கொட்டகை அழுக்கா இருந்துச்சுன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"உள்பக்கம் பாருங்க."

காளியப்பன் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, துணியைத் திருப்பினார். நாடாவைக் கண்ணருகில் கொண்டுபோய், எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"யாருக்கு எழுதினா இத? எனக்கா?"

"இல்ல மாமா. அவங்களுக்கே."

பிரேமலா சொன்னாள். பொங்கல், சோப்புத் தூள், படம், சூப்பர், காலித் தட்டு, செவலையின் முதல் கன்று. அந்தக் கன்று போனது ஊருக்குத் தெரியும். எதனால் போனது என்று அம்மா வெளியே சொன்னதில்லை. காளியப்பனிடம் சொல்லவே சொல்லியிருக்க மாட்டாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மெல்லக் கோணியது. அழப்போகிறார் என்று பிரேமலா நினைத்தாள். சிரித்தார். முதலில் மூக்கால், அப்புறம் வாயால், அப்புறம் இருமல் வந்து குழாயைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு.

"அப்ப அவளும் துவைச்சா."

"நல்லாத் துவைச்சாங்க. மூணு தண்ணி."

"எங்கிட்ட வந்து மருந்து சொல்லித் தர்றா! தானே துவைச்சுட்டு!" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கே தப்பும்னா எனக்கும் தப்பலாம், இல்ல?"

"எனக்கும் தப்பிப் போச்சு மாமா."

அவர் துணியைத் தோளிலிருந்து எடுத்து, ஒரு சொட்டு நுரை படாமல் தூக்கிக்கொண்டு போய், இருந்த இடத்திலேயே கட்டினார். நுரைத் தண்ணீரில் கொட்டகைத் தரையைத் தேய்த்துக் கழுவினார்.

கருமாதி நன்றாக நடந்தது. வெள்ளையம்மாவிடம் பால் வாங்கிய வீடுகளிலிருந்து தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எல்லோரும் வந்தார்கள். கன்றைப் பார்த்தார்கள். விஜயன் அன்று மாலையே வேலைக்குத் திரும்பினான். மாடுகளைக் காளியப்பன் கறந்துகொள்வதென்றும், பிரேமலா வாரா வாரம் வந்து சில்லு பார்ப்பதென்றும் பேசி முடித்தாயிற்று.

பதினேழாம் நாள், சனிக்கிழமை காலை. தீட்டு கழிந்தது. பிரேமலா டப்பாக்களை முதல் நாள் இரவே ஃபிரீசரிலிருந்து இறக்கி வைத்திருந்தாள். கூலா மலாக்கா வெல்லத்தைச் சீவிப் போட்டு, ஏலக்காய் தட்டி, இட்லிப் பானையில் அவித்தாள். அசையாமல் உறைந்து நின்றது. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டித் தின்று பார்த்தாள். அம்மாவினுடையது இதைவிடக் கொஞ்சம் மென்மையாக இருக்கும். பரவாயில்லை. மிச்சத்தைப் பாத்திரத்தோடு துணியில் கட்டினாள்.

தையல் மெஷினுக்கு அடியிலிருந்து அரிசிப் பையை இழுத்தாள். முடிச்சு அம்மா போட்டது. அவிழ்க்காமல், விளிம்பு வழியாக விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே நாடா தட்டுப்பட்டது. அம்மா அதிலும் தைத்திருந்தாள்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். அங்கிருந்து பார்த்தால் காளியப்பனின் பக்கம் தெரியும். கால்வாய்க்கு அப்பால், அவருடைய மாடுகள் தண்ணீருக்கு இறங்குகிற வழியில், புதிதாக மூன்று கம்பு நட்டிருந்தார். இடம் சரியான இடம். சுற்றிப் புல் வெட்டியிருந்தது. கம்பு மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே போய், கொடிமரம் போல நின்றது. அந்த உயரத்தில் துணி கட்டினால் பறவைதான் வந்து பார்க்கும்.

தானே கொண்டுபோய்க் கட்டித் தருவதாக வெள்ளையம்மா நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தாள். அது ஒன்றுதான் அவள் செய்யாமல் விட்டது.

பிரேமலா பாத்திரத்தை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு பலகைவரை போனாள். திரும்பி வந்து, தூணில் செருகியிருந்த பாராங் கத்தியையும் எடுத்துக்கொண்டாள்.